கபுர் இல்லாத வீரர் லெப்டினன்ட் அட்னான்

பாசிர் பாஞ்சாங் வட்டாரத்தில் கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு புக்கிட் சண்டு என்ற பெயர் புதிதன்று. புகைப்பதற்காகப் பக்குவம் செய்த அபினுக்கு மலாய் மொழியில் சண்டு என்று பெயர். ஆங்கிலேய அரசாங்கம் அபின் வியாபாரத்தைத் தன் கையிலேயே வைத்திருந்த காலத்தில், அதைப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலை அந்தக் குன்றின் அடிவாரத்தில் இருந்தது. ஆகவே அது அபின் குன்று ஆயிற்று. அபினுக்காகப் பெயர் பெற்ற அந்த மேடு இன்று வேறொன்றுக்காகப் பெயர் பெற்றிருக்கிறதென்றால், அதற்குக் காரணம் 26, 27 வயதிலே அங்கு உயிர் நீத்த ஓர் இளைஞரும் அவருடன் மடிந்த தோழர்களுமே ஆவர்.

அவர் பெயர் அட்னான் பின் சைடி. சிலாங்கூர் மாநிலத்தில் காஜாங்கை அடுத்த சுங்கை ராமால் என்ற கிராமத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அவருடைய தம்பிமார் இருவரும் பிற்காலத்தில் அவரைப் போலவே ராணுவ சேவையில் சேர்ந்தார்கள். அவர்களில் கடற்படையில் இருந்தவர், தாம் சென்ற கப்பலை 1942இல் ஜப்பானியர் மூழ்கடித்தபோது இறந்துபோனார். ஒரு தாயின் இரண்டு மக்களை ஒரே ஆண்டு கொண்டு போய்விட்டது. அட்னானைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தம்பியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

சிறு வயதில் அட்னான் படிப்பில் கெட்டிக்காரர். ஆங்கிலத்தில் கல்வி கற்று, தேர்ச்சியும் பெற்றதனால் பயிற்சி ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஓராண்டுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அக்காலத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு மதிப்பான வேலை என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். வெயிலும் மழையும் படாத உத்தியோகம், ஊரில் மரியாதை, மாதம் தவறாமல் சம்பளம். அதை விட்டு அவர் பட்டாளத்துக்குப் போனார்.

அந்தப் பட்டாளமே அப்பொழுதுதான் பிறந்திருந்தது. 1933ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி போர்ட் டிக்சனில் மலாய் ரெஜிமெண்ட் ஆரம்பிக்கப்பட்டபோது அதில் எடுக்கப்பட்டவர்கள் 25 பேர் மட்டுமே. அதுவும் பரீட்சார்த்தமாகத்தான். மலாய்க்காரர் கட்டுப்பாடான ராணுவ வாழ்க்கைக்குப் பொருந்துவார்களா என்று வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம். கடை முதலாளி புதுச் சரக்கைக் கொஞ்சமாக வரவழைத்து, போகிறதா பார்ப்போம் என்று வைத்திருப்பதில்லையா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாறு சோதித்துப் பார்க்கப்பட்ட பட்டாளத்தில் அதே 1933இல் அட்னான் சேர்ந்தார். மறு ஆண்டே சிறந்த பயிற்சி வீரர் என்று தேர்வு பெற்றார். 1936இல் சார்ஜண்ட் ஆனார். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபோது லண்டன் மாநகரில் நடந்த அணிவகுப்பில் மலாய் ரெஜிமெண்டின் சார்பாக நடப்பதற்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு கம்பெனி சார்ஜண்ட் மேஜர். (ராணுவத்தில் கம்பெனி என்பது நம் வர்த்தகக் கம்பெனியன்று, நூறு பேருக்கு மேற்பட்ட சிப்பாய்களைக் கொண்ட ஒரு பிரிவு.) பின்னர் சிங்கப்பூருக்கு வந்து அதிகாரிகளுக்கான பயிற்சியை முடித்து, இரண்டாம் லெப்டினன்ட் ஆகி, ‘சி’ கம்பெனியின் ஏழாம் பிளாட்டூனுக்குத் தலைவரானார்.

1938இல் அவருக்குத் திருமணம் நடந்தது. அவருடைய துணைவியார் மார்க்கக் கல்வி போதிக்கும் ஆசிரியை. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. வீட்டில் அட்னான் அதிகம் பேசமாட்டார், கண்டிப்பானவர், ஆயினும் உள்ளே ஈரம் உள்ளவர் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதிகம் பேசாத தகப்பனாரைப் பெற்ற பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கு இது விளங்கும்.

1941இன் பிற்பகுதியில் அட்னானின் பிரிவு சிங்கப்பூரில் இருந்தது. அதிகாரிகளின் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்ட பாசிர் பாஞ்சாங் வீடு ஒன்றில் மனைவி மக்களுடன் அவர் குடியிருந்தார். யுத்தம் வாசலுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், டிசம்பர் மாதத்தில் அவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தார். அப்பொழுது மனைவி கர்ப்பிணி. அந்தக் குழந்தை பெண்ணாகப் பிறந்தது. தகப்பன் முகத்தைக் காணாமலேயே, சிங்கப்பூர் விழுந்த சில காலத்துக்குள் அதுவும் இறந்துபோயிற்று.

1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்து இத்தீவில் காலடி வைத்தார்கள். 11ஆம் தேதி புக்கிட் தீமா அவர்கள் கைக்குப் போயிற்று. 13ஆம் தேதி, முத்தாகுச்சி என்ற தளபதியின் 18ஆம் டிவிஷன் பாசிர் பாஞ்சாங் மேட்டைத் தாக்கத் தொடங்கியது. அந்த மேட்டுக்கு அப்பால் அலெக்சாந்திரா வட்டாரம். ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கும் ராணுவ மருத்துவமனையும் அங்கேதான் இருந்தன. அந்த மேட்டைக் காக்கும் பொறுப்பு மலாய் ரெஜிமெண்டுக்கு விழுந்தது. பீரங்கியும் விமானமும் டாங்கியும் கொண்டு வந்த எதிரிக்கு முன்னால், பிறந்து ஒன்பதே ஆண்டுகளான பட்டாளம்!

13ஆம் தேதி நள்ளிரவில் ‘சி’ கம்பெனிக்கு புக்கிட் சண்டுவுக்குப் பின்வாங்கி நிலைகொள்ளும்படி உத்தரவு வந்தது. குன்றுக்கும் ‘டி’ கம்பெனி இருந்த இடத்துக்கும் நடுவே பெரிய கால்வாய் ஒன்று ஓடியது. பக்கத்திலே இருந்த நார்மண்டன் எண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி, எரிகிற எண்ணெய் அந்தக் கால்வாயிலே ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் எதிரி, பின்னால் நெருப்பு ஆறு. பின்வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

மறு நாள் 14ஆம் தேதி நடந்ததைத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் பாடமாகப் படிக்கிறார்கள். பிற்பகலில், தலைப்பாகை தரித்த பஞ்சாபிச் சிப்பாய்களைப் போல ஒரு கூட்டம் குன்றை நோக்கி அணிவகுத்து வந்தது. இந்தியப் பட்டாளத்தார் ஆங்கிலேயர் பக்கத்தினர். ஆகவே நம்மவர்கள் வருகிறார்கள் என்று யாரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் பிரிட்டிஷ் முறைப்படி நடப்பவர்கள் வரிசைக்கு மூன்று பேராக நடப்பார்கள். வந்தவர்களோ நான்கு பேராக நடந்து வந்தார்கள். அட்னான் அதைக் கவனித்தார். லண்டன் வீதியிலே மன்னருக்காக அடியெடுத்து வைத்து நடந்தவர் அல்லவா, வரிசையில் எத்தனை பேர் என்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கிட்டத்தில் வரட்டும் என்று பொறுத்திருந்து லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டார்கள். இருபதுக்கு மேற்பட்ட ஜப்பானியர் அங்கேயே விழுந்தார்கள், மற்றவர்கள் ஓடினார்கள்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரங்கழித்து ஜப்பானியர் முழு பலத்தோடு திரும்பி வந்தனர். குண்டுகள் தீர்ந்தன. கைவெடிகள் தீர்ந்தன. பிறகு துப்பாக்கிச் சனியனால் குத்தியும் கட்டிப் புரண்டும் நடந்த சண்டை. கம்பெனித் தலைவரான ரிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கேப்டனும் தம் சிப்பாய்களோடு அங்கேயே மடிந்தார். படுகாயமடைந்த அட்னான் இடத்தை விட்டு அசைய மறுத்தார். தம் ஆட்களைச் சண்டையைத் தொடரும்படி ஏவிக்கொண்டேயிருந்தார்.

அவரை எப்படிக் கொன்றார்கள் என்பதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. கோணிப் பையில் போட்டு மரத்தில் தொங்கவிட்டுக் குத்தினார்கள் என்பார் சிலர். உயிர் போன பிறகுதான் தொங்கவிட்டார்கள் என்பார் சிலர். எரித்தார்கள் என்பாரும் உண்டு. யாக்கூப் என்ற கார்ப்பரல், பிணங்களுக்கு நடுவே தாமும் ஒரு பிணம் போலக் கிடந்து உயிர் தப்பியவர். அட்னானின் உடல் மரத்தில் தலைகீழாகத் தொங்கியதைத் தாம் கண்டதாக அவர் பிற்பாடு சாட்சி சொன்னார். எது எப்படியாயினும் ஒன்று நிச்சயம். அவருக்குக் குளிப்பாட்டுதலும் இல்லை, ஜனாஸா தொழுகையும் இல்லை, கபுரும் இல்லை. ஜியாரத்துக்குப் போய் நிற்க அவருடைய பிள்ளைகளுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

மேட்டைக் கடந்த ஜப்பானியர் அலெக்சாந்திரா மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஊழியர்களையும் கொன்றார்கள். மறுநாள் 15ஆம் தேதி மாலை புக்கிட் தீமா ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஆங்கிலேயத் தளபதி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மலாய் ரெஜிமெண்ட் அந்த யுத்தத்தில் இழந்தவர்கள் 159 பேர்: ஆங்கிலேய அதிகாரிகள் 6, மலாய் அதிகாரிகள் 7, மற்ற வீரர்கள் 146. சரணடைந்த பிறகும் ஜப்பானியர் பக்கம் சேர மறுத்த மலாய் அதிகாரிகள் சிலர் அந்த மாத முடிவில் பிடோக் பகுதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எவருக்கும் சினிமா எடுக்கப்படவில்லை.

இதற்கு மேல்தான் நாம் சிந்திக்க வேண்டிய பகுதி வருகிறது.

ஜப்பான் காலம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளில், அட்னானின் விதவை வாய் திறக்க முடியாதவராயிருந்தார். இன்னாருடைய மனைவி என்று தெரிந்தால் ஆபத்து. 1945இல் யுத்தம் முடிந்தது. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாகி, எத்தனையோ வணிகர்கள் பெட்டி நிறையப் பணமிருந்தும் கையில் ஒன்றுமில்லாதவர்களாக நின்றார்கள். பிழைப்பை மறுபடி ஆரம்பிக்க வேண்டிய அவசரத்தில் யார் யாரை நினைத்தார்கள்? 1949இல் அந்த அம்மையாரும் காலமானார். பத்து வயதைச் சுற்றியிருந்த இரண்டு பையன்கள் தாயும் தகப்பனும் இல்லாதவர்கள் ஆனார்கள். அவர்களுடைய தகப்பனார் மாபெரும் வீரர் என்று ஊர் சேர்ந்து கொண்டாடுவதற்கு இன்னும் வெகுகாலம் செல்ல வேண்டியிருந்தது.

1957 மார்ச் 2ஆம் தேதி கிராஞ்சியில் யுத்த நினைவாலயம் திறக்கப்பட்டது. கபுரோ கல்லறையோ இல்லாத 24,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே தூண் தூணாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், இந்தியர், மலாய்க்காரர் எல்லாரும் அதில் உண்டு. மலாய் ரெஜிமெண்டின் வரிசையிலே அட்னானின் பெயரும் இருக்கிறது. மற்றவர்களுக்கு எவ்வளவு எழுத்தோ அதே அளவு எழுத்துத்தான் அவருக்கும். பெரிய அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதத்தை அந்த மதில்களில் காண முடியாது. இந்த ஒன்றை ஆங்கிலேயர் சரியாகச் செய்தார்கள் என்றே சொல்வேன்.

ஆனால் கல்லில் பெயர் இருப்பது வேறு, மக்கள் வாயில் பெயர் இருப்பது வேறு. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அட்னான் பிறந்த மண் ஒரு நாட்டிலும் இறந்த மண் மற்றொரு நாட்டிலுமாகப் போயின. அவர் எந்த நாட்டு வீரர்? அவர் சண்டையிட்ட காலத்தில் இந்த இரண்டு நாடுகளுமே இல்லை. அணிந்திருந்தது இங்கிலாந்து மன்னரின் உடை. வெள்ளைக்காரனுக்காக உயிரைக் கொடுத்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அது தள்ளிவிடத்தக்க கேள்வியல்ல. என் வரையில் பதில் இதுதான்: மன்னர் இருந்தது லண்டனில்; அட்னான் நின்றது பாசிர் பாஞ்சாங்கில். சில வாரங்களுக்கு முன்பு வரை அவருடைய குழந்தைகள் அந்தக் குன்றின் பக்கத்திலேதான் வசித்தார்கள்.

யுத்தம் முடிந்து 50 ஆண்டு நிறைந்த 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் யுத்தம் நடந்த இடங்களிலெல்லாம் நினைவுப் பலகைகள் நாட்டியது. பாசிர் பாஞ்சாங் சண்டைக்காக கென்ட் ரிட்ஜ் பூங்காவில் ஒன்று வைத்தார்கள். அதே ஆண்டு எஸ்பிளனேட் கடற்கரையில் இன்னொரு பலகையும் வைத்தார்கள். அது இந்திய தேசிய ராணுவத்துக்கு. நேதாஜி 1945 ஜூலை 8ஆம் தேதி அங்கே ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர், மவுண்ட்பேட்டன் உத்தரவின்படி அதைத் தகர்த்து எறிந்தார்கள். ஜப்பானியரை எதிர்த்து மாண்டவருக்கும், ஜப்பானியருடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவின் விடுதலைக்காகப் புறப்பட்டவர்களுக்கும் ஒரே ஆண்டில், ஒரே கரத்தால், பலகைகள்! இது முரண்பாடு என்று ஒருவர் சொல்லலாம். அந்த ராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளமானவர்கள் என்பதை அறிந்த நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்பதற்கு முன்னால் அவர் இருந்தார் என்பதையாவது ஒப்புக்கொண்டார்களே.

2000ஆம் ஆண்டில் மலேசியாவில் அஜிஸ் எம். ஒஸ்மான் இயக்கத்தில் லெப்டினன்ட் அட்னான் என்ற திரைப்படம் வெளிவந்தது. இளைஞர்கள் பலர் அவரை அறிந்தது அதன் மூலமாகத்தான். சினிமா சினிமாவாகத்தானே இருக்கும். அதில் குறை சொல்லிப் பயனில்லை. மலேசிய ராணுவம் தன்னுடைய கவச வாகனம் ஒன்றுக்கு அட்னான் என்று பெயர் சூட்டியது. 2002 பிப்ரவரி 15ஆம் தேதி, சரணாகதி நடந்து சரியாக 60 ஆண்டுகளுக்குப் பின், புக்கிட் சண்டுவின் மேல் பெப்பீஸ் ரோட்டில் இருந்த பழைய கறுப்பு வெள்ளை பங்களா ஒன்றை நினைவு மண்டபமாக்கித் திறந்தார்கள். பிற்பாடு அதைப் புதுப்பித்து 2021 செப்டம்பரில் மீண்டும் திறந்தார்கள். அங்கே அட்னானின் கதை மட்டுமன்று, அபின் தொழிற்சாலையின் கதையும் அந்த வட்டாரத்தின் கதையும் மலாய் ரெஜிமெண்ட் முழுவதன் கதையும் சொல்லப்படுகின்றன. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே மனிதரை மிக உயரத்தில் தூக்கி வைத்தால், பக்கத்தில் விழுந்தவர்கள் அவருடைய நிழலில் மறைந்துவிடுகிறார்கள். அட்னானைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் (நானும் விதிவிலக்கல்ல) கடைசி ஒரு பிற்பகலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பாடம் சொல்லிக்கொடுத்த ஓராண்டையும், போர்ட் டிக்சன் வெயிலில் நடந்து பழகிய வருஷங்களையும், மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பிய அந்த டிசம்பர் மாதத்தையும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம்.

நம் குடும்பங்களிலும் இப்படித்தான். சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள், நேதாஜியின் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரை நடந்தவர்கள், கடையைப் பூட்டிவிட்டுப் போன இடம் தெரியாதவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது உண்டு. அவர்களுக்குப் பலகை கிடையாது. பழைய பேரேட்டின் உள் அட்டையிலோ, ஊரிலிருந்து வந்த கடிதக் கட்டிலோ ஒரு பெயர் இருக்கும். கடையைக் காலி செய்யும்போது அந்தப் பேரேடு பழைய காகிதக்காரனிடம் போய்விடும். போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20க்குச் சங்கு ஊதுவது நேயர்கள் எல்லாருக்கும் தெரியும். மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். கடைத்தெருவில் கூட்டம் நெருக்கும் வேளை. அட்னான் இறந்தது அதற்கு முந்தைய நாள். பெப்பீஸ் ரோட்டுக்கு பாசிர் பாஞ்சாங் எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஏற்றம் சற்றுச் செங்குத்து, வயதானவர்கள் மெதுவாக ஏற வேண்டும். கிராஞ்சிக்கு ரயிலில் போய் இறங்கிச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். மதிலில் மலாய் ரெஜிமெண்டின் பெயர்கள் நெருக்கமாக இருக்கின்றன. அட்னான் பின் சைடி என்ற பெயரைத் தேடி எடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். தேடுகிற வழியில் மற்றப் பெயர்களையும் வாசித்துக்கொண்டே போகலாம்.